கேள்வியைக் கேட்பவர் யார்? அமெரிக்கப் புற்றுநோய் ஆராய்ச்சியும் அறுக்கப்படும் வழிகாட்டல் மரபும்

1990 ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'நியூ இங்கிலாந்து மருத்துவ சஞ்சிகை'யில் ஒரு கட்டுரை வெளிவந்தது. நியூயோர்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில் வாழும் கறுப்பின ஆண் ஒருவர் 65 வயதை எட்டுவதற்கான வாய்ப்பு, பங்களாதேஷில் வாழும் ஆண் ஒருவருக்கு இருக்கும் வாய்ப்பை விடவும் குறைவானது என்று அக்கட்டுரை கூறியது. உலகத்தின் பெருஞ்செல்வம் குவிந்து கிடக்கும் நகரம் ஒன்றின் நடுவே இப்படியொரு நிலை. அதனை எழுதிய இருவரில் ஒருவர் ஹார்லெம் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஹரால்ட் ஃபிறீமன். அவரும் ஒரு கறுப்பினத்தவர்.

அந்தக் கணக்குக்கு வேண்டிய தரவுகள் எவையும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. இறப்புப் பதிவுகளிலும் சனத்தொகைக் கணக்கெடுப்பிலும் அவை இருந்தன. நியூயோர்க்கில் புகழ்பெற்ற மருத்துவக் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. ஆயினும், அந்தப் பகுதி மக்களை நாள்தோறும் நோயாளர் கட்டில்களில் கண்டுகொண்டிருந்த ஒரு வைத்தியசாலையிலிருந்தே அந்தக் கேள்வி புறப்பட்டது.

இப்பழைய செய்தியை இப்போது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. புற்றுநோயில் இனத்துக்கு இனம், வர்க்கத்துக்கு வர்க்கம் காணப்படும் ஏற்றத்தாழ்வுகளை ஆராய்வதற்கு, பலதரப்பட்ட பின்னணிகளிலிருந்து இளம் ஆராய்ச்சியாளர்களைத் தேடிப் பிடித்து, பயிற்சியளித்து, மூத்தவர்களின் வழிகாட்டலில் வளர்த்தெடுக்கும் திட்டங்கள் பலவற்றை அமெரிக்கா பல ஆண்டுகளாக நடத்தி வந்தது. 2025 ஆம் ஆண்டில் அத்தகைய மானியங்கள் பல, 'பல்வகைமை' என்ற சொல்லின் மீது ஆட்சியாளருக்கு ஏற்பட்ட வெறுப்பினால் இரத்துச் செய்யப்பட்டன. இதனை ஏதோ ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் விழுந்த வெட்டு என்று மட்டும் கருதிவிட முடியாது என்பதே என் எண்ணம்.

ஒரு மரபின் கதை

ஃபிறீமன் வானத்திலிருந்து குதித்தவர் அல்லர். வாஷிங்டனில் உள்ள ஹவார்ட் பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் 1958 இல் பட்டம் பெற்று, அங்கேயே சத்திரசிகிச்சைப் பயிற்சியும் பெற்றவர். ஹவார்ட், கறுப்பினத்தவர்களுக்கென்று எழுந்த பல்கலைக்கழகம். பெயர் ஒலிப்பில் நெருங்கி நிற்கும் ஹார்வார்ட்டுடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

இரத்த வங்கி முறையின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ள்ஸ் ட்ரூ, 1950 இல் விபத்தொன்றில் இறக்கும் வரை, ஹவார்ட்டின் சத்திரசிகிச்சைத் துறைக்குத் தலைமை வகித்தார். அவரிடம் கற்றவர்களுள் ஒருவர் லசால் லெஃபோல். 1952 இல் பட்டம் பெற்ற லெஃபோல், நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் நிலையத்தில் மேற்பயிற்சி பெற்று, மீண்டும் ஹவார்ட்டுக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1978 இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதலாவது கறுப்பினத் தலைவரானார். பத்து ஆண்டுகளின் பின்னர் அதே பதவியில் அமர்ந்தவர் அதே துறையில் பயின்ற ஃபிறீமன்.

1973 இல் லெஃபோலும் அவருடைய ஹவார்ட் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, 1950 முதல் 1967 வரையிலான காலத்தில் வெள்ளையரிடையே புற்றுநோய் இறப்பு வீதம் பெரிய மாற்றமின்றி இருந்தபோது, கறுப்பினத்தவரிடையே அது கவலைக்குரிய வேகத்தில் ஏறிச் சென்றதை எடுத்துக் காட்டியது. இதற்குரிய புள்ளிவிபரங்களும் அரசாங்க அலுவலகங்களில் எல்லோர் கைக்கும் எட்டும் தூரத்தில் இருந்தவைதான். ஹவார்ட்டில் இருந்தவர்களே அவற்றை எடுத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்தனர்.

ஹார்லெமில் ஃபிறீமன் செய்தது என்ன? 1986 வரையிலான 22 ஆண்டுகளில் ஹார்லெம் வைத்தியசாலைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகளை அவர் ஆராய்ந்தார். முதலாம் கட்டத்திலேயே வந்தவர்கள் நூற்றுக்கு 6 பேர் மாத்திரமே. ஏறத்தாழ அரைவாசிப் பேர் நோய் முற்றிய நிலையில் வந்திருந்தனர். ஐந்தாண்டுகள் உயிர் வாழ்ந்தவர்கள் 39 வீதம். அப்பெண்களின் மார்பில் இருந்த கட்டியைப் போலவே, அவர்களுக்கும் வைத்தியருக்கும் இடையில் இருந்த தடைகளும் அவர்களைக் கொன்றன என்பதை அவர் கண்டார். காப்புறுதி இல்லை. வேலைக்கு விடுப்பு இல்லை. ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு அனுப்பப்படும்போது வழி தெரியவில்லை. சந்தேகத்துக்குரிய பரிசோதனை முடிவு வந்த பின்னர் அவரைத் தேடிச் செல்ல ஆளில்லை.

அதற்கு அவர் கண்ட வழி மிகவும் எளிமையானது. இலவச அல்லது குறைந்த கட்டணப் பரிசோதனையுடன், நோயாளியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக அழைத்துச் செல்லும் ஒருவரையும் அவர் நியமித்தார். 1990 இல் ஹார்லெமில் தொடங்கிய இந்த 'நோயாளர் வழித்துணை' முறையில், அந்தப் பணியைச் செய்தவர்கள் மருத்துவர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1995 முதல் 2000 வரை அதே வைத்தியசாலைக்கு வந்த மார்பகப் புற்றுநோயாளிகளில் 41 வீதமானோர் ஆரம்பக் கட்டத்திலேயே வந்திருந்தனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு 70 வீதமாக உயர்ந்தது. புதிய மருந்து எதனையும் கண்டுபிடிக்காமல் பெற்ற வெற்றி என்றே இதனைச் சொல்ல வேண்டும். மருந்துகளும் அக்காலத்தில் முன்னேறின என்பது உண்மையே. ஆனால் மருந்து வேலை செய்வதற்கு நோயாளி உரிய நேரத்தில் வந்து சேர வேண்டுமல்லவா? 2005 இல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென ஒரு சட்டத்தையே இயற்றியது.

குருவும் மாணாக்கரும் ஒரே இனமாக இருக்க வேண்டியதில்லை

கறுப்பினத்தவரைக் கறுப்பினத்தவரே வளர்க்க வேண்டும் என்று நான் வாதிடுவதாக எவரும் எண்ண வேண்டியதில்லை. நைஜீரியாவின் இபடான் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்று அமெரிக்கா சென்ற ஒலுஃபுன்மிலாயோ ஒலோபடே, சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யாரிடம் பயின்றார்? நிறமூர்த்தங்களின் இடமாற்றத்துக்கும் இரத்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1970களின் தொடக்கத்தில் நிறுவிய ஜேனட் றௌலி என்ற வெள்ளையினப் பெண்மணியிடம். பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே நீண்டகாலம் பகுதி நேரமாக ஆராய்ச்சி செய்தவர் றௌலி.

குருவிடமிருந்து மாணவி பெற்றது மரபணுவியலின் நுட்பங்களை. மாணவி கொண்டு வந்தது வேறொரு கேள்வியை. ஆபிரிக்க வம்சாவளிப் பெண்களை இளவயதிலேயே, அதுவும் கொடிய வடிவத்தில், மார்பகப் புற்றுநோய் தாக்குவது ஏன்? மேற்கு ஆபிரிக்கப் பெண்களின் கட்டிகளையும் சேர்த்து ஆராய்ந்த அவரது பணி, ஹோர்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத வகைப் புற்றுநோய் அவர்களிடையே அதிகம் என்பதை வெளிக்கொணர்ந்தது. வழிகாட்டல் என்பதன் பொருள் இதுதான் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். இளையவரிடம் கேள்வி இருக்கிறது. மூத்தவரிடம் வழிமுறை இருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும்.

பத்திரிகைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதியதன்று. பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றில், மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பயிலுநர் நிருபர் ஒருவர், பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் அடையாள அட்டை பெற முடியாதிருக்கும் தோட்டத் தொழிலாளர் பற்றி எழுத விரும்பினார். தலைநகரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது செய்தியாகவே தோன்றவில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் அந்த இளைஞரை அருகில் அமர்த்தி, பிரதேச செயலகத்தில் எந்த எண்ணிக்கையைக் கேட்க வேண்டும், கிராம சேவகரிடம் எதை உறுதிப்படுத்த வேண்டும், தோட்ட நிருவாகத்தின் பதிலை எந்த இடத்தில் சேர்க்க வேண்டும் என்று மூன்று மாலைப் பொழுதுகள் சொல்லிக் கொடுத்தார். அந்த இளைஞர் இல்லாவிட்டால் அந்தச் செய்தி இல்லை. அந்த ஆசிரியர் இல்லாவிட்டால் அது ஒரு புலம்பலாக முடிந்திருக்கும். விஞ்ஞானத்திலும் நிலைமை இவ்வாறே என்பது என் துணிபு.

கதவுகள் ஏன் அடைபட்டிருந்தன?

'திறமையுள்ளவர் தாமாகவே முன்னுக்கு வருவார். தனித் திட்டங்கள் எதற்கு?' என்று கேட்பவர்கள் உளர். அவர்கள் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். 1910 இல் ஏப்ரஹாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளை மதிப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். அப்போது இயங்கிய ஏழு கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில், ஹவார்ட், மெஹாரி ஆகிய இரண்டையும் தவிர்ந்த ஏனைய ஐந்தும் அதன் பின்னர் மூடப்பட்டன. மூடப்படாதிருந்தால் அவை 35 ஆயிரத்துக்கும் அதிகமான பட்டதாரிகளை உருவாக்கியிருக்கும் என 2020 இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இவர்களில் ஒரு சிறு பகுதியினர் ஆராய்ச்சிக்குச் சென்றிருந்தாலும் இன்று எத்தனை குருமார் இருந்திருப்பர் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

அதற்குப் பின்னரும் நிலைமை சமமாகிவிடவில்லை. 2011 இல் டோனா கிந்தர் குழுவினர் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு அமெரிக்க விஞ்ஞான உலகை உலுக்கியது. தேசிய சுகாதார நிறுவகத்தின் மிக முக்கியமான ஆராய்ச்சி மானியத்துக்கு விண்ணப்பிப்போரில், கல்வித் தகைமை, பயிற்சி, முன்னைய விருதுகள், வெளியீடுகள் முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும், கறுப்பினத்தவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரை விட 10 வீதப் புள்ளிகள் குறைவாக இருந்தது. விண்ணப்பித்தவர்களிலேயே கறுப்பினத்தவர் ஏறத்தாழ ஒன்றரை வீதமானோர்தான்.

காரணத்தைத் தேடியவர்கள் 2019 இல் இன்னொன்றைக் கண்டனர். கறுப்பின ஆராய்ச்சியாளர்கள், சமூக மட்டத்தில் மக்களின் சுகாதாரத்தைப் பற்றிய தலைப்புகளையே கூடுதலாகத் தெரிவு செய்தனர். கலங்களையும் மூலக்கூறுகளையும் பற்றிய தலைப்புகளை விட அவற்றுக்குப் பணம் கிடைப்பது அரிது. மானிய இடைவெளியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தெரிவினாலேயே ஏற்பட்டது. அதாவது, நோயாளி ஏன் காலந்தாழ்த்தி வருகிறார் என்று கேட்பவர், புற்றுநோய்க் கலம் எவ்வாறு பிரிகிறது என்று கேட்பவரை விடக் குறைந்தவராகக் கருதப்பட்டார். ஹார்லெமின் 39 வீதம் 70 வீதமான கதையை அறிந்தவர்கள் இந்த மதிப்பீட்டை ஏற்பார்களா?

இந்நிலையில் நல்ல வழிகாட்டி செய்யும் பணி பெரியது. மறுக்கப்பட்ட முதல் விண்ணப்பத்தை எவ்வாறு வாசிப்பது, மதிப்பீட்டாளரின் எந்தக் கண்டனத்துக்குப் பணிவது, எதற்கு உறுதியாகப் பதிலளிப்பது, பரந்த ஆதங்கம் ஒன்றை ஐந்து ஆண்டுகளில் செய்து முடிக்கக்கூடிய ஆய்வாக எவ்வாறு சுருக்குவது என்பன எந்தப் பாடநூலிலும் இல்லை. முதலாவது பெரிய மானியத்தை ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெறும்போது சராசரியாக 40 வயதைக் கடந்துவிடுகிறார். அதுவரை அவரைத் தாங்கிப் பிடிக்க வசதியான குடும்பமோ, பேராசிரியரான தந்தையோ இல்லாதவர் இடைவழியில் விலகிச் செல்வது இயல்பே.

இதற்காகவே தேசிய புற்றுநோய் நிறுவகம், உயர்தரப் பாடசாலை மாணவர் தொடக்கம் சுயமாக இயங்கும் ஆராய்ச்சியாளர் வரை படிப்படியாக ஏற்றிச் செல்லும் 'கியூர்' என்ற திட்டத்தை உருவாக்கியது. அதனைக் கொண்டு நடத்திய ஏற்றத்தாழ்வு குறைப்பு நிலையத்தின் முதலாவது பணிப்பாளர் வேறு யாருமல்லர், ஹார்லெமின் ஃபிறீமன்தான். பெரும் புற்றுநோய் நிலையங்களைச் சிறுபான்மையினர் பயிலும் கல்வி நிறுவனங்களுடன் இணைக்கும் திட்டமும் உருவாகியது. 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோய்க்குச் சிகிச்சையளிக்காமல் வேடிக்கை பார்த்த அரச ஆய்வினால் பெயர் கெட்டுப்போன டஸ்கீகியில், அங்குள்ள பல்கலைக்கழகமே இத்தகைய கூட்டு முயற்சியில் பங்காளியாகியது. ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே அஞ்சிய மக்களிடம், அவர்களுடைய பிள்ளைகளே ஆராய்ச்சியாளராகத் திரும்பிச் செல்வதன் பொருள் சிறியதன்று.

குறைகளும் உண்டு

இத்திட்டங்களைக் குறை காண முடியாதவை என்று நான் கூறவரவில்லை. பல திட்டங்கள் மாணவப் பருவத்தில் கைகொடுத்துவிட்டு, விரிவுரையாளராகும் கடினமான கட்டத்தில் கைவிட்டன. விரல்விட்டு எண்ணக்கூடிய கறுப்பினப் பேராசிரியர்களையே எல்லாக் குழுக்களிலும் அமர்த்தி, எல்லா மாணவரையும் அவர்களிடமே அனுப்பி, அவர்களுடைய சொந்த ஆராய்ச்சிக்கு நேரமில்லாமற் செய்தன. அந்த உழைப்பு பதவி உயர்வின்போது கணக்கில் எடுக்கப்படுவதுமில்லை. 2020 இல் ஜோர்ஜ் ஃபுளொய்ட் கொல்லப்பட்ட பின்னர் இத்துறைக்குப் பணம் பாய்ந்தபோது, அதுவரை இப்பக்கம் எட்டிப் பாராதவர்கள் பலர் திடீரென நிபுணராகினர். கறுப்பினத்தவரானால் கறுப்பினத்தவரின் நோயையே ஆராய வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் ஒருவகை அடக்குமுறையே. கலத்தின் கருவை ஆராய விரும்பும் கறுப்பின மாணவிக்கு அந்தச் சுதந்திரம் இருக்க வேண்டும்.

வறிய வெள்ளையினப் பிள்ளைக்கு இதில் இடமில்லையா என்ற கேள்வியும் நியாயமானது. அதற்குப் பதில் உண்டு. வறுமையே புற்றுநோய் ஏற்றத்தாழ்வின் அடிவேர் என்பதை ஃபிறீமனே வலியுறுத்தி வந்தார். அவர் தலைமை வகித்த காலத்தில், 1989 இல், அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் வெளியிட்ட அறிக்கை வறியோரின் புற்றுநோயைப் பற்றியது. நுரையீரல் புற்றுநோயில் முன்னிலையில் நிற்கும் கென்டக்கி மாநிலத்தின் மலைப்புற மக்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையரே. பாடசாலையில் இலவச மதிய உணவு பெற்றவர், குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்றவர், பின்தங்கிய கிராமத்தில் வளர்ந்தவர் ஆகியோரையும் தேசிய சுகாதார நிறுவகம் 2019 இல் தனது பல்வகைமை வரைவிலக்கணத்தில் சேர்த்திருந்தது. குறையைத் திருத்தும் வழி இதுவே. வீட்டில் ஒழுக்கு இருந்தால் கூரையை வேய வேண்டுமே தவிர வீட்டை இடிப்பதில்லை.

2025 இல் நடந்தது

இடிப்பதே நடந்தது. பல்வகைமையை முன்னிட்டு வழங்கப்பட்ட கலாநிதிப் பட்டப் புலமைப்பரிசில்களும், இளம் ஆராய்ச்சியாளர் விரிவுரையாளராவதற்கு உதவிய மானியங்களும் நடுவழியில் நிறுத்தப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பொஸ்டன் நகர சமஷ்டி நீதிபதி வில்லியம் யங், தம்முன் இருந்த வழக்கில் மானிய இரத்துகள் சட்டவிரோதமானவை எனத் தீர்ப்பளித்தார். ஓகஸ்ட் மாதத்தில் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், கொடுப்பனவுகளை நிறுத்திவைக்க அரசுக்கு இடமளித்தது.

சட்டப் போராட்டங்கள் எவ்வாறு முடிந்தாலும், ஆய்வுகூடத்தை விட்டு வெளியேறிய 28 வயது இளைஞர் நீதிமன்றத் தீர்ப்புக்காகக் காத்திருக்க மாட்டார். அவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. ஓர் இயந்திரத்தை நிறுத்தினால் அடுத்த ஆண்டு மீண்டும் இயக்கலாம். ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளரை இழந்தால், அவர்கள் வளர்த்திருக்க வேண்டிய அடுத்த தலைமுறையையும் சேர்த்தே இழக்கிறோம். ட்ரூவிடமிருந்து லெஃபோலுக்கும், ஹவார்ட்டிலிருந்து ஹார்லெமுக்கும் சென்ற அந்தத் தொடர் ஓரிடத்தில் அறுந்திருந்தால், ஹார்லெமின் பெண்களுக்கு என்ன நேர்ந்திருக்கும்?

இன்றும் அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் ஏற்படும் வீதம் வெள்ளையினப் பெண்களை விடச் சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறக்கும் வீதம் ஏறத்தாழ 40 வீதம் அதிகம். இது தலைவிதியன்று. டெலவெயர் என்ற சிறிய மாநிலம் 2000களில், பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையையும் காப்புறுதியற்றோருக்கான சிகிச்சையையும் அரச செலவில் வழங்கி, வழித்துணைத் தாதியரையும் நியமித்தபோது, ஒரு தசாப்தத்துக்குள் கறுப்பினத்தவரின் இறப்பு வீதம் வெள்ளையரின் வீதத்தை ஏறத்தாழ எட்டிப் பிடித்தது. இடைவெளியை மூடும் வழியைக் கேட்கவும் அளக்கவும் ஆட்கள் தேவை என்பதே இங்குள்ள விடயம்.

புலம்பெயர்ந்து வாழும் தமிழ் வாசகர்களுக்கும் இதில் ஒரு பங்குண்டு. அமெரிக்காவில் நடக்கும் ஆய்வுகள் பலவற்றில் நாம் 'ஆசியர்' என்ற ஒரே பெட்டிக்குள் அடைக்கப்படுகிறோம். வியட்நாமியப் பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும், கொரியரின் இரைப்பைப் புற்றுநோயும், புகைபிடிக்காத சீனப் பெண்களின் நுரையீரல் புற்றுநோயும் வெளியே தெரிய வந்தது, அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்று சிலர் அடம்பிடித்ததால்தான். நமது பிள்ளைகள் பலர் இன்று அந்நாட்டின் ஆய்வுகூடங்களில் இருக்கின்றனர். சிலர் பேராசிரியர்களாகவும் உயர்ந்துள்ளனர். தம்மிடம் வரும் மாணவரைத் தெரிவு செய்யும்போது, பரிந்துரைக் கடிதத்தின் கனத்தை மட்டும் பாராமல், அந்த மாணவர் எந்தத் தெருவிலிருந்து என்ன கேள்வியைக் கொண்டு வருகிறார் என்பதையும் அவர்கள் கேட்க வேண்டும். அரசாங்கம் மானியத்தை நிறுத்தலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் ஓர் இளையவரின் விண்ணப்பத்தை வரிக்கு வரி வாசித்துத் திருத்திக் கொடுப்பதை எந்த அரசாங்கமும் தடை செய்துவிட முடியாது. முதலில் அதையாவது செய்யலாம்.